முடித்து வைத்த மனு

மேலிடத்துக்கு அனுப்பிய மனுவுக்குப் பதில் வரும்வரை நினைவூட்டல் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். எழுத்தராகச் சேர்ந்த முதல் வாரமே நான் மனப்பாடம் செய்த விதி இது. 1982-ல் பெரம்பலூர் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் அதை மீறியவனும் நானேதான்.

வெள்ளாற்றங்கரை ஊரிலிருந்து ஓர் அம்மா திங்கட்கிழமைதோறும் பஸ்ஸில் வருவார். வெள்ளைத் துப்பட்டி, அறுபது வயதிருக்கும். வளைகுடாவுக்குப் போன ஒரே மகனிடமிருந்து ஒரு வருஷத்துக்கு மேலாகக் கடிதம் இல்லை. உயிரோடு இருக்கிறானா என்று தூதரகம் மூலம் விசாரிக்கக் கேட்டு மனு கொடுத்திருந்தார்.

"மவுத்தாயிட்டான்னு ஊரே பேசுது சார். மருமவளக் கூட்டிட்டுப் போயி வேற நிக்காஹ் பண்ணணும்னு அவ அண்ணன்மாரு நிக்கிறாங்க. அவளும் பெட்டியக் கட்டி வச்சிட்டா. பேரப்புள்ளையும் போயிட்டா நான் யாரப் பார்த்துட்டு இருக்கறது?"

"மேல அனுப்பியாச்சும்மா" என்பேன். எட்டு மாதமாக அதே பதில்தான்.

அவர் உடனே ஊர் திரும்பமாட்டார். வராந்தாவில் உட்கார்ந்து, மனு கொடுக்க வந்து முழிக்கிற பெண்களுக்கு ஸ்டாம்ப் எங்கே ஒட்டுவது, எந்த மேசையில் கொடுப்பது என்று சொல்லிக்கொண்டிருப்பார். உங்களுக்கு எதுக்கும்மா இந்த வேலை என்று ஒருநாள் கேட்டேன்.

"வூட்ல ஒத்தையில இருந்தா நெஞ்சு அடைக்குது சார். இங்க நாலு பேரு கஷ்டத்தக் கேட்டா, என் கஷ்டம் கொஞ்ச நேரம் வாய மூடிட்டுக் கெடக்குது."

வேறொரு காகிதம் தேடி ஆவண அறைக்குப் போனபோதுதான் முடிந்த கோப்புகளின் கட்டு ஒன்று கண்ணில் பட்டது. அவருடைய மனுவின் மேல் 'முடிவுற்றது' என்று எழுதி, கீழே என் கையெழுத்து. மேலே அனுப்பியதுமே முடித்துவிட்டால் மாதாந்திர அறிக்கையில் நிலுவை குறையும். எங்கள் எல்லோருக்கும் கைவந்த கலை அது. ஒரு நினைவூட்டல்கூடப் போயிருக்கவில்லை.

அடுத்த திங்களன்று உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"மூடுனதத் தொறக்க ஏதாச்சும் ஃபாரம் இருக்கா சார்?"

இல்லை. தவறு என்னுடையது என்று குறிப்பெழுதித்தான் திறக்க முடிந்தது. அதிகாரி எனக்கு ஒரு மெமோ கொடுத்தார், நியாயமான மெமோ. பிறகு மாதம் இரண்டு நினைவூட்டல் போயிற்று.

அந்த அம்மாவோ நேரே மருமகளின் அண்ணன்களிடம் போயிருக்கிறார். "மூடிப் போட்டது காயிதத்தத்தான், என் மவன இல்லேன்னுட்டேன். நோம்பு வரைக்கும் தவணை கொடுத்திருக்காங்க" என்றார். அதன்பின் வராந்தாவில் அவர் சொல்லித்தரும் பாடத்தில் ஒரு வரி கூடியது.

"நம்பர் வாங்கிட்டா பத்தாது தாயி. பைலு தொறந்திருக்கான்னும் கேளு."

என் காதில் விழட்டும் என்றே சொல்வார். நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

நோன்புக்கு முன்பே பதில் வந்தது. மகன் வேலையிடத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் மேல் ஆபரேஷனாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், இந்த நிலையை எழுத மனமில்லாமல் இருந்திருக்கிறான், உயிருக்கு ஆபத்தில்லை. இரண்டு முறை படிக்கச் சொன்னார். அல்ஹம்துலில்லாஹ் என்று துப்பட்டியால் முகத்தை மூடிக்கொண்டவர், சட்டென்று எழுந்தார்.

"மருமவகிட்டப் பெட்டியப் பிரிக்கச் சொல்லணும். பஸ்ஸு போயிரும், வரேன் சார்."

நான் ஓய்வுபெற்ற தேதியைக் கேட்டால் பணிப்பதிவேட்டைத்தான் புரட்ட வேண்டும். எதையும் புரட்டாமல் நான் சொல்லக்கூடிய தேதி ஒன்றே ஒன்றுதான், அந்தப் பதில் வந்த 1983 மார்ச் 14, திங்கட்கிழமை.