பிடியரியை நம்பி எழுதிய பட்டியல்

புஷ்பபாய் அக்காவை யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். குறை சொல்ல இந்த ஊரில் ஒருத்தனுக்கும் யோக்கியதை கிடையாது. எனக்கும்தான் கிடையாது. அந்தப் பட்டியலை அக்கா எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருந்தவன் நான்.

கேரளத்தில், அமரவிளை தாண்டித் தமிழ்நாட்டு எல்லைக்குப் போகிற வழியில் எங்கள் வார்டு. நான் ஆட்டோ ஓட்டுகிறேன், பெயர் சஜன். அக்காவின் புருஷன் ரப்பர் வெட்டுக்காரர். பாம்பு கடித்துப் போய்ச் சேர்ந்தபோது அக்காவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அதற்குப் பிறகு கல் சுமந்தார், கல்யாண வீடுகளில் தேங்காய் துருவினார், தொழிலுறுதி என்கிற நூறு நாள் வேலைக்கு மண்வெட்டியோடு போனார். வாய் கொஞ்சம் நீளம். "எலே சஜா, உனக்க வண்டிய தள்ளிக்கிட்டுப் போறதுக்கு நான் நடந்தே போயிருவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியில் ஏறுவார்.

எங்கள் சபையில் பிடியரி என்று ஒரு வழக்கம் உண்டு. சோற்றுக்கு அரிசி அளந்ததும் வீட்டுக்காரி அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பாத்திரத்தில் போட்டு வைப்பாள். சனிக்கிழமை சபையிலிருந்து ஒருத்தி வந்து வாங்கிக்கொண்டு போவாள். இல்லாதவர்களுக்கு அது போய்ச் சேரும். இருபத்திரண்டு வருஷமாக அந்த ஒருத்தி எங்கள் அக்காதான். பாத்திரத்தைக் கையில் வாங்கும்போதே அந்த வீட்டு நிலைமை தெரிந்துவிடும் என்பார். முக்கால்வாசி வீடுகளுக்கு அது சரியாகவும் இருந்தது. அதுதான் எங்களைக் கெடுத்தது.

கொரோனா வந்து எல்லாவற்றையும் அடைத்ததும் பஞ்சாயத்து பள்ளிக்கூடத்தில் சமூக அடுக்களை திறந்தது. வீட்டில் முடியாதவர்களுக்கு மத்தியானச் சோறு, பொதியாகக் கட்டி, வாசலிலேயே கொண்டு கொடுக்க வேண்டும். எங்கள் வார்டு மெம்பர் ஸ்ரீகுமாரி நல்ல பெண். நேராக அக்காவிடம் வந்தாள்.

"அக்கா, நம்ம வார்டுக்கு நாப்பது பொதிதான் உண்டு. ஆருக்கு வேணும்னு உங்களவிட ஆருக்குத் தெரியும்? ஒரு லிஸ்ட் எழுதித் தாங்க."

அக்கா அரை மணி நேரத்தில் எழுதிவிட்டார். நான்தான் கேட்டேன், சத்தியபாய் மாமி பெயரைக் காணோமே என்று.

"அவளுக்கு எதுக்குலே? மொவன் மஸ்கட்டுல ஓட்டல்ல நிக்கியான். பிடியரிப் பாத்திரம் நெறஞ்சு வாற வீடாக்கும் அது. இல்லாதவனுக்கு உள்ளத அங்க கொண்டு குடுத்தா கர்த்தர் கேக்க மாட்டாரா?"

நானும் தலையை ஆட்டினேன். மாமி பத்து வருஷத்துக்கு முன்னால் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து இங்கே வீடு வாங்கியவர். ரேஷன் கார்டு இன்னும் தமிழ்நாட்டில்தான். மாசம் ஒருமுறை களியக்காவிளை ரேஷன் கடைக்கு அவரைக் கூட்டிப்போய் அரிசிப் பையோடு திரும்பக் கொண்டுவந்தவன் வேறு யாருமில்லை, நான்தான். எல்லை வழிகளில் மண்ணைக் கொட்டி மூடியிருந்ததையும் என் கண்ணாலேயே பார்த்திருந்தேன். இரண்டையும் சேர்த்து யோசிக்க என் மரமண்டைக்குத் தோன்றவில்லை. கார்டு இல்லாதவர்களுக்கும் அரிசி உண்டு, ஆதாரைக் காட்டினால் போதும் என்று மெம்பர் எல்லோருக்கும் சொல்லித்தான் இருந்தாள். ஆனால் வாயைத் திறந்து கேட்க வேண்டும். மாமி பிறத்தியாரிடம் ஒரு துண்டு மிளகாய்கூடக் கேட்டவரில்லை.

தினமும் நானும் அக்காவும் என் ஆட்டோவில் அவர் வீட்டைத் தாண்டித்தான் பொதிகளோடு போவோம். மாமி கேட்டில் நின்று கையசைப்பார். இரண்டாவது சனிக்கிழமை வண்டியை நிறுத்தச் சொன்னார். கையில் பிடியரிப் பாத்திரம்.

"சர்ச்சு அடச்சா பிடியரியும் அடஞ்சு போச்சா புஷ்பம்? இத அடுக்களைக்குக் குடு. பட்டினி கெடக்கியவங்களுக்கு ஆவட்டு."

பாத்திரம் நிறைந்திருந்தது. அக்கா பூரித்துப் போனார். வழியெல்லாம் எனக்கு அதே பேச்சு. "பாத்தியாலே, இந்தக் காலத்திலயும் மனசு." அடுத்த சனிக்கிழமையும் கொடுத்தார், வாங்கினோம். அப்போது மாமியின் முகத்தில் எலும்பு தெரிந்தது. முகக்கவசம் பாதியை மறைத்திருந்தது என்று இப்போது சாக்குச் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு வந்த வியாழக்கிழமை அவர் கேட்டில் இல்லை. அக்கா இரண்டு முறை கூப்பிட்டார். பிறகு கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார். அடுக்களைத் தரையில் மாமி ஒருச்சாய்ந்து கிடந்தார், உடம்பெல்லாம் வியர்வை. மேடையில் சர்க்கரை நோய் மாத்திரை அட்டையும் ஒரு தம்ளர் தண்ணீரும் இருந்தன. அரிசிப் பானையை அக்கா திறந்து பார்த்தார். ஒரு மணி இல்லை.

பொதிகளை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு மாமியை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டதால் சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது, எத்தனை நேரம் அப்படிக் கிடந்தார் என்று டாக்டர் கேட்டார். எங்களுக்கு எப்படித் தெரியும்? வயிற்றில் இரண்டு மூன்று நாளாக ஒன்றும் போயிருக்காது என்றும் சொன்னார். அக்கா என் பக்கம் திரும்பினார்.

"எனக்க கையாலல்லவா வாங்கினேன். அவ வாயில போவ வேண்டிய அரியாக்கும் அது. எனக்க கையாலயே வாங்கிக்கிட்டு வந்தேனே சஜா."

மூன்றாம் நாள் காலையில் மாமி கண் விழிக்காமலே போனார். அடக்கத்துக்கு, ஜெபம் பண்ண வந்த உபதேசியாரையும் சேர்த்து எட்டுப் பேர். மஸ்கட்டில் இருந்த மகன் பினுவுக்கு என் போனில் எல்லாவற்றையும் காட்டினேன். விமானம் இல்லை, அவனால் வர முடியாது. அந்த ஓட்டல் மூடி ஒன்றரை மாதம் ஆகிறது, அங்கே யாரோ கொடுக்கிற கஞ்சியில்தான் இருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் சொன்னான். மாமிக்கு அது முதலிலேயே தெரியும்.

மண் போட்டு முடித்ததும், புஷ்பம் மாமியிடம் போனைக் கொடுங்கள் என்றான். அக்கா வாங்க மாட்டேன் என்று பின்னால் நகர்ந்தார். நான் ஸ்பீக்கரில் போட்டுப் பிடித்தேன்.

"மாமி, நீங்க தினமும் அம்மைக்கு பஞ்சாயத்து சோறு கொண்டு குடுத்தது அம்மை சொல்லுவா. புஷ்பம் இருக்கா, நீ என்னப் பத்தி வெசாரப்படாதேன்னு சொல்லுவா. அத நெனச்சுத்தான் நான் இங்க உறங்கினேன். உங்கள நான் மறக்க மாட்டேன்."

அக்கா என் முகத்தைப் பார்த்தார். உண்மையைச் சொல்லித் தொலைத்துவிடலாம் என்று நான் வாயைத் திறந்தேன். அக்கா என் கையை அமுக்கினார்.

"கடசியா அம்மை என்ன சாப்பிட்டா மாமி?"

"சோறும் பயறு தோரனும் மக்கா" என்றார் அக்கா. "பொதியப் பிரிச்சு, எனக்க கண்ணு முன்னாலயே சாப்பிட்டா. வயறு நெறைய சாப்பிட்டா."