வெட்டுவதற்கென்று ஒரு கும்மட்டம்

ப்ரியம்வதா மேடம் கும்மட்டம் வரைந்துகொண்டிருந்தார். பதினோரு மாடிக் கட்டடத்தின் உச்சியில், யாரும் கேட்காத கும்மட்டம், சுற்றிலும் தூண்கள். "இன்னும் ரெண்டு தூண் போடலாமா கோகுல்? வெட்டறதுக்கு ஜாஸ்தி இருந்தா சேட் குஷியாயிடுவார்" என்றார். மறுநாள் கூட்டத்தில் அடிபடப்போகிற ஒன்றை இத்தனை ஆசையாக வரைபவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பத்ரிநாத் சேட்டின் கட்டுமானக் கம்பெனியில் அவர் ஆர்க்கிடெக்ட், நான் சைட் இன்ஜினீயர். மேடம் இந்த மராத்தி ஊரிலேயே, வானவடியில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் எழுதத் தெரியாது. பேசும் வாக்கியம் பாதியில் இந்திக்குப் போய்த் திரும்பி வரும். வரைபடக் குழாயைத் துப்பாக்கி மாதிரி முதுகில் குறுக்கே மாட்டிக்கொண்டு ஸ்கூட்டியில் வருவார். என் மேசைப் பலகையில் பெயருக்குப் பின்னால் பி.இ. என்று போட்டிருக்கிறேன், எங்கள் குடும்பத்தில் அது முதல் பட்டம். "கல்யாணப் பத்திரிகைக்குக் கொஞ்சம் மிச்சம் வைப்பா" என்பார்.

எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் லிப்டை விட்டு இறங்கியதும் காரிடார் விளக்கை அணைத்துவிட்டு நிற்பார். இருட்டாகிவிட்டால் முகம் சுளிப்பார். "பகல்ல பல்பு எரிஞ்சா அது பில்டிங்கே இல்ல, கோடவுன்." அதனால் அவர் வரையும் ஒவ்வொரு மாடியிலும் காரிடார் முடிகிற இடத்தில் பெரிய ஜன்னல் ஒன்று இருக்கும். சேட்டுக்கும் அந்த இடத்தின் மேல்தான் கண். ஜன்னலை எடுத்துவிட்டு அதைப் பக்கத்து ஃப்ளாட்டோடு சேர்த்தால் சதுர அடிக் கணக்கில் விற்கலாம்.

கும்மட்டம் வந்தது அதற்காகத்தான். பட்ஜெட் கூட்டத்தில் சேட் எதையாவது வெட்டியாக வேண்டும். வெட்டிய திருப்தியில் மற்றதை விட்டுவிடுவார். ஒரு கட்டடத்தில் நீரூற்று போயிற்று. இன்னொன்றில் பளிங்கு யானை. ஒவ்வொன்றுக்கும் மேடம் முகம் வாடிக் கெஞ்சித் தோற்பார். வெளியே வந்து, "சலோ, ஜன்னல் பொழைச்சுது" என்று அரைத் தம்ளர் கட்டிங் சாய் வாங்கிக் கொடுப்பார்.

இது கோந்த்வாவில் வரவிருந்த கட்டடம். கூட்டத்தில் சேட் வரைபடத்தை வெகுநேரம் பார்த்தார். மேடம் வழக்கம்போல் ஆரம்பித்தார்: இது மட்டும் இருக்கட்டும், சேட்ஜி, என் ரொம்ப நாள் ஆசை.

"தூரத்து ரோட்டிலிருந்தே தெரியும், இல்லையா?" என்று சேட் இந்தியில் கேட்டார். "விளம்பரத்தில் இதையே போடலாம். இத்தனை வருஷம் நீங்கள் கேட்டதையெல்லாம் வெட்டியிருக்கிறேன். இது உங்களுக்காக இருக்கட்டும்."

பிறகு, கும்மட்டத்தின் செலவை ஈடுகட்ட, சிவப்புப் பென்சிலை எடுத்து ஜன்னலை அடித்தார். எல்லா மாடிக்கும் வரைபடம் ஒன்றுதான். ஒரே கோடு போதும். மேடம் பதறி, கும்மட்டம் வேண்டாம், ஜன்னலைக் கொடுங்கள் என்றார். சேட் சிரித்தார். "செலவைப் பார்த்துப் பயப்படாதீர்கள் மேடம். ஆசையை நான் நிறைவேற்றுகிறேன்." மேடம் நன்றி சொல்ல வேண்டியதாயிற்று.

அன்று சாய் இல்லை. படியிறங்கும்போது, "ரொம்ப நன்னா வரைஞ்சுட்டேன், கோகுல்" என்றார்.

ஆட்கள் குடிவந்த பிறகு, 2005 கோடையில், சுவரில் நீர் கசிகிறது என்று புகார் வந்து நாங்கள் இருவரும் போனோம். உச்சிவெயில் நேரம். லோட்ஷெடிங், கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் லிப்டுக்கு மட்டும். ஏழாவது மாடியில் இறங்கினோம். லிப்ட் கதவு மூடியதும் எதுவும் தெரியவில்லை. பக்கத்தில் யாரோ சாவியால் கதவைச் சுரண்டும் சத்தம் கேட்டது. "மேலே டோமுக்கு ராத்திரி பூரா லைட்டு. இங்கே சாவி போட வழியில்லை. எந்தப் புண்ணியவான் கட்டினானோ" என்று ஒரு பெண் மராத்தியில் இருட்டைத் திட்டினார்.

மேடம் தான் யாரென்று சொல்லவில்லை. தன் நோக்கியாவின் டார்ச்சை எரியவிட்டு, பூட்டுக்கு நேராகப் பிடித்தார். சாவி நுழைந்தது. அந்தப் பெண் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

மூடிய கதவின் மேல் மேடம் அந்த வெளிச்சத்தை இன்னும் பிடித்துக்கொண்டே நின்றார்.