மூன்று தண்ணீர் உருளைக்கிழங்கு

ஹைதராபாத் குஷாய்குடாவில் கனகத்தின் உருளைக்கிழங்கு பீன்ஸ் கறியைப் பற்றித் தெரியாதவர் ஒருவர் இருந்தால், அவர் அந்தத் தெருவுக்கு நேற்றுக் குடிவந்தவர் என்று அர்த்தம். அதில் மாயமந்திரம் ஒன்றும் கிடையாது. கிழங்கைத் தோல் சீவிச் சின்னச் சதுரங்களாக நறுக்குவாள். பீன்ஸை நறுக்கிப் பாதி வேகவைத்து வடித்து வைப்பாள். இலுப்பச்சட்டியில் தாராளமாக எண்ணெய் விட்டு, கடுகும் உளுத்தம்பருப்பும் தாளித்து, பெருங்காயமும் மஞ்சள்பொடியும் போட்டு, கிழங்கைப் பரப்பிவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்துவிடுவாள். மற்றப் பெண்கள் கோட்டை விடுவது அங்கேதான். கை சும்மா இருக்காது. கிளறிக் கிளறிக் கூழாக்கிவிட்டு, கிழங்கு சரியில்லை என்று கடைக்காரனைத் திட்டுவார்கள். கனகம் அசையாமல் நிற்பாள். அடிப்பக்கம் சிவந்து மொறுமொறுவென்று ஆனதும் ஒரு புரட்டு. பிறகு பீன்ஸ், உப்பு, மிளகாய்ப்பொடி, இன்னொரு புரட்டு. அவ்வளவுதான்.

இந்தக் கறிக்காகவே பிறந்தவர் போல ஒரு மனிதர் அவளுக்குக் கணவராக வாய்த்தார். அனந்தகிருஷ்ணன் பிறந்து வளர்ந்தது செகந்திராபாத்தில். பக்கத்து எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை. தமிழில் பாதி, ஹைதராபாத் ஹிந்தியில் பாதி பேசுவார். "சாம்பார் வைக்கட்டுமா, ரசம் வைக்கட்டுமா?" என்று கேட்டால், "எது இருந்தா என்ன, கறி இருக்கோல்யோ, போறும்" என்பார். எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, சட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் முறுகலில் சாதத்தைப் போட்டுப் பிசைந்து, நின்றுகொண்டே சாப்பிடுவார். பார்க்க லட்சணமாக இருக்காது. கனகம் திட்டுவாள். ஆனால் அடியில் கொஞ்சம் வேண்டுமென்றே விட்டுவைத்தவளும் அவள்தான்.

கனகத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அவள் விதி என்றால் விதி என்கிற ரகம். மடி என்றால் மடி. ஏகாதசி என்றால் ஏகாதசி. பேருந்து நிலையத்தில் 'வரிசையில் நிற்கவும்' என்று எழுதியிருந்தால், அவள் ஒருத்தி மட்டும் வரிசையாக நின்று வண்டியைத் தவறவிடுவாள். பிள்ளை வெங்கட் மாதாப்பூரில் சாஃப்ட்வேர் கம்பெனிக்குப் போனவன். "அம்மாவுக்கு ஒரு ரூல் குடுத்துட்டாப் போதும், ஜிந்தகி ஃபுல்லா ஓடும்" என்று கேலி செய்வான்.

அப்படிப்பட்டவளிடம் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரு விதியைக் கொடுத்தார்கள். சர்க்கரை வியாதி முற்றி, அனந்தகிருஷ்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட வருஷம் அது. வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ். சாப்பாட்டு விவரம் சொல்லும் பெண், உருளைக்கிழங்கில் பொட்டாசியம் அதிகம், அது ரத்தத்தில் ஏறினால் இதயமே நின்றுவிடும் என்றாள். ஆசைப்பட்டால், கிழங்கை நறுக்கி வெந்நீரில் ஊறப்போட்டு, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். அப்படியும் கொஞ்சமாகத்தான்.

அந்தப் பெண் சொன்னது இரண்டு தண்ணீர். கனகம் மூன்று தண்ணீர் மாற்றினாள். மூன்று தண்ணீர் பார்த்த கிழங்கு எண்ணெயில் விழுந்தால் சிவக்காது. வெளுத்து, தொளதொளவென்று, பீன்ஸுக்கு நடுவே வேண்டாவெறுப்பாகக் கிடக்கும். உப்பும் பெயருக்குத்தான். முதல் நாள் அனந்தகிருஷ்ணன் தட்டைப் பார்த்துவிட்டு, "என்னடி கனகம், கிழங்கைக் குளிப்பாட்டி, தலை துவட்டி, விபூதி இட்டுக் கொண்டுவந்து உக்காத்தி வச்சிருக்கே?" என்றார். வெங்கட் விழுந்து விழுந்து சிரித்தான். கனகமும் சிரித்தாள். அடுத்த வாரமும் அதே கறிதான் வந்தது.

ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டிலுக்கு வருபவர் இருதயராஜ். நாற்பது வயசுகூட ஆகாதவர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து சைனிக்புரியில் குடியிருந்தவர். அவர் மனைவி ரோஸ்லின், மெஷின் ஓட ஆரம்பித்ததும் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுப்பாள். ஒரு நாள் வாழைக்காய் சிப்ஸ், ஒரு நாள் மசால் போட்டு வறுத்த உருளைக்கிழங்கு. இரண்டு மூன்று துண்டுதான். அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவார். வாசனை இந்தக் கட்டிலுக்கு வரும்.

கனகம் எழுந்து நடுவிலிருந்த திரையை இழுத்து விடுவாள். ஆம்படையானை மேலே அனுப்பிவைக்க டப்பா கட்டிக்கொண்டு வருகிறாளே என்று அவளுக்கு வயிறு எரியும்.

"அவருக்கு ஒண்ணும் ஆகலையேடி" என்பார் அனந்தகிருஷ்ணன் மெதுவாக.

"ஆகறப்போ தெரியும். நீங்கோ அந்தப் பக்கம் பாக்காதீங்கோ."

வெங்கட் தன் சிறுநீரகத்தைத் தருகிறேன் என்றான், கனகம் கேட்கவில்லை. தன்னுடையதைப் பரிசோதித்துப் பார்க்கச் சொன்னாள். பொருந்தியது. பொங்கல் கழிந்து ஆபரேஷன் என்று முடிவானது. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. "ஆபரேஷன் ஆகட்டும். ஒரு கிலோ கிழங்கு வறுத்துப் போடறேன். சட்டியோட எடுத்துக்கோங்கோ" என்றாள்.

மார்கழியில் அவருடைய நட்சத்திரப் பிறந்தநாள் வந்தது. காலையில் சமையலறை வாசலில் வந்து நின்றார். இளைத்துப் போயிருந்தார், சட்டை யாரோ பருமனான மனிதருடையது மாதிரி தொங்கியது.

"கனகம், இன்னிக்கு ஒரு நாள். தண்ணியில போடாம. ஒரே ஒரு கரண்டி."

"இன்னும் ஒரு மாசம் பொறுத்துக்கப்படாதா? இத்தனை நாள் பத்தியம் இருந்ததெல்லாம் வீணாப் போகணுமா?"

"ஹவ், சரி, பொறுத்துக்கறேன்" என்றார். மூன்று தண்ணீர்க் கறியைச் சாப்பிட்டார். "நன்னா இருக்கு" என்றும் சொன்னார். அந்த வாரமே ஒரு விடியற்காலையில், தூக்கத்தில், இதயம் நின்றுபோய்விட்டது.

துக்கம் கேட்க வந்தவர்கள் ஒருவர் தவறாமல் அவளைப் புகழ்ந்தார்கள். "கனகம் மாதிரி பத்தியம் பாத்துக் காப்பாத்தினவா யாரு? ஒரு துண்டு கிழங்கு தண்ணி மாத்தாம குடுத்திருப்பாளா?" அவர்கள் நல்ல மனசோடுதான் சொன்னார்கள். ஒவ்வொரு வார்த்தையும் நெஞ்சில் இறங்கியது. ஆமாம், குடுக்கலை, குடுக்கலை என்று உள்ளே ஒரு குரல் அடித்துக்கொண்டே இருந்தது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் உருளைக்கிழங்கு வாங்கவில்லை.

வருஷத் திதி நெருங்கியது. என்ன சமையல் என்று சொல்ல வந்த சாஸ்திரிகளிடம் கனகம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அவருக்கு உருளைக்கிழங்கு பீன்ஸ் கறின்னா உசிர். இலையில அதை ஒரு ஓரமா வைக்கலாமா?"

சாஸ்திரிகள் வயசானவர், அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேசினார். "சீமைக் காயெல்லாம் தெவசத்துக்கு ஆகாதும்மா. வாழைக்காய், பாகற்காய், புடலங்காய், சேனை. உருளைக்கிழங்கும் பீன்ஸும் கூடவே கூடாது."

வெங்கட் குறுக்கே வந்தான். "கைக்கு மா, ஏன் கூடாது? அப்பாக்குப் புடிச்சதுதானே? நீ பண்ணு. யார் கேக்கப்போறா?"

"சும்மா இருடா" என்றாள் கனகம். இருந்தபோது ஆஸ்பத்திரி கூடாது என்றது. போன பிறகு சாஸ்திரம் கூடாது என்கிறது. அந்த மனிதர் அப்படி என்னதான் பெரிதாக ஆசைப்பட்டுவிட்டார் என்று அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

சாஸ்திரிகள் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பினார். "மனசு ஆறலைன்னா ஒண்ணு பண்ணு. திதி முடிஞ்சு மறுநாள், அவரோட பழகினவா யாருக்காவது அதைப் பண்ணிப் போடு. அவருக்கே போன மாதிரிதான்."

திதி வாழைக்காயும் பாகற்காயுமாக, குறையில்லாமல் முடிந்தது. அன்று சாயங்காலமே அவள் ரைத்து பஜார் சந்தைக்குப் போய்க் கிழங்கும் பீன்ஸும் வாங்கினாள். யாருக்குப் பண்ணுவது என்று அவள் யோசிக்கவே இல்லை. அவர் பக்கத்தில் படுத்து, அவர் பார்க்கப் பார்க்கச் சாப்பிட்டவர் ஒருவர்தான். வியாதிக்காரருக்குக் கொண்டுபோகிற கறி என்பதால், மறுநாள் விடியற்காலையிலேயே கிழங்கை நறுக்கி ஊறப்போட்டாள். மூன்று தண்ணீர் மாற்றினாள்.

இருதயராஜ் அதே கட்டிலில்தான் இருந்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ரோஸ்லின் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாங்க மாமி! மாமா போனப்ப நாங்க ஊர்ல இருந்தோம். வர முடியாமப் போச்சு. இவங்க ஒரே அழுகை."

கனகம் டப்பாவை நீட்டினாள். "அவருக்குப் பிடிச்ச கறிம்மா. உங்காத்துக்காரர் ஒரு வாய் சாப்பிட்டா எனக்குத் திருப்தி. பயப்படாதே, மூணு தண்ணி மாத்திட்டேன்."

ரோஸ்லின் மூடியைத் திறந்து வெளுத்த கிழங்கைப் பார்த்தாள். "ஏன் மாமி இவ்ளோ கஷ்டப்பட்டீங்க? மெஷின்ல போட்ட முதல் மணி நேரம் ரெண்டு துண்டு சும்மாவே திங்கலாம்னு டாக்டரே இவங்களுக்குச் சொல்லிருக்காரே. உள்ள போறத மெஷினே எடுத்துரும்னாரு. நான் ஒரு நாள் பொறுக்க மாட்டாம அழுதுட்டே கேட்டேன், ரத்த ரிப்போர்ட்டைப் பாத்துட்டுச் சரின்னாரு."

கனகம் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லாருக்கும் ஒத்துக்காது மாமி, ஆளுக்கு ஆள் வேற" என்றாள் ரோஸ்லின், அவள் முகம் மாறுவதைப் பார்த்துப் பயந்துபோய். "மாமாவுக்கு என்ன சொன்னாங்க? நீங்க கேட்டிருப்பீங்கள்ல?"

கேட்கவில்லை. அத்தனை நாள் அந்தக் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் எத்தனையோ தடவை வந்து போனார். மாத்திரையைப் பற்றிக் கேட்டாள், ஊசியைப் பற்றிக் கேட்டாள். இவருக்கு ஒரு கரண்டி கறி கொடுக்கலாமா என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அவர்கள் விதியைச் சொல்லிவிட்டார்கள், அவள் பிடித்துக்கொண்டாள். கூடாது என்றே சொல்லியிருக்கலாம். சரி என்றும் சொல்லியிருக்கலாம். இனி அது யாருக்கும் தெரியாது.

அப்போது வார்டுக்குள் டாக்டர் வந்தார். புதியவர், சின்ன வயசு. கனகம் எழுந்து அவர் எதிரே போய் நின்றாள். தெலுங்கில்தான் கேட்டாள்.

"டாக்டர், மெஷின் ஓடும்போது முதல் மணி நேரத்தில் உருளைக்கிழங்குக் கறி ஒரு கரண்டி கொடுக்கலாமா? தண்ணீர் மாற்றாமல். எங்கள் வீட்டுக்காரருக்கு. அனந்தகிருஷ்ணன் என்று பெயர். ரொம்ப ஆசைப்படுகிறார்."

ரோஸ்லின் வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டருக்கு ஒன்றும் தெரியாது. நல்ல பிள்ளை, சிரித்த முகமாகவே பதில் சொன்னார்.

"ரிப்போர்ட் சரியாக இருந்தால் ஒரு கரண்டி கொடுக்கலாம் அம்மா, அதற்கென்ன. பார்த்துச் சொல்கிறேன். அவர் எந்தக் கட்டில்? இன்றைக்கு வந்திருக்கிறாரா?"

"இல்லை" என்றாள் கனகம். "வரலை."