கடல் திருப்பிக் கொடுத்த செருப்பு

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கருவாட்டுச் சாக்கை அவிழ்த்தார்கள். பக்கத்துக் கடையில் அந்துருண்டை. இரண்டு வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறியபோது கையில் பையோடு நான் நின்றது டெல்லியில் இல்லை. உப்பு அரித்த ஒரு கட்டடத்தின் கடைசி அறையில்.

போன டிசம்பரில் அக்காவும் நானும் அத்தானின் ஊருக்குப் போயிருந்தோம். நாகைப் பக்கம், சின்னக் கடற்கரை ஊர். அக்கா டெல்லியில் நர்ஸ். சுனாமி வருடம் அவளுக்கு லீவு கிடைக்காமல், அத்தான் மட்டும் கிறிஸ்துமஸுக்குப் போனார். மறுநாள் காலை கடல் வந்தது. உடல் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து அவருடைய பிறந்தநாளுக்கு அக்கா சர்ச்சில் பூசைக்குப் பெயர் கொடுப்பாள். இறந்தவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்கு அல்ல, உயிரோடிருப்பவர்களின் உடல்நலத்துக்கு. நோயாளிகளோடும் பரீட்சை எழுதும் பிள்ளைகளோடும் சேர்த்து சாமியார் அத்தானின் பெயரையும் வாசிப்பார். நாங்கள் தலையைக் குனிந்துகொள்வோம்.

"பழைய கஸ்டம்ஸ் கட்டடத்த மியூசியமாக்கி, கடல்ல கெடச்ச சாமானெல்லாம் வச்சிருக்காவளாம். வாறியால?" என்று அவளேதான் கேட்டாள். அத்தானுடையது ஏதாவது அங்கே இருந்துவிட்டால் என்ன செய்வாய் என்று நான் கேட்கவில்லை. டிக்கெட் போட்டேன்.

கோட்டையைப் பார்த்தோம், இடிந்த துறைமுக மேடையைப் பார்த்தோம், சுற்றுலாக்காரர்கள் மாதிரி, அவசர அவசரமாக. மியூசியக் கூடத்தில் திமிங்கில எலும்புக்கூடு. அதன் விலாவுக்குள் நிழல் மூச்சு வாங்கியது. காற்றில் ஆடிய பல்புதான். ஆனாலும் நான் சுவரோரமாகவே நடந்தேன்.

கடைசி அறையில் கருவாடும் அந்துருண்டையும் கலந்த வாசனை, கண்ணாடிப் பெட்டிகள். நெளிந்த சோற்றுச் சட்டி, ஒற்றைக் கொலுசு, பொம்மையின் கை, இடதுகால் தோல் செருப்பு ஒன்று. சுவருக்கு அப்பால் இரைந்த கடல் பெட்டிகளுக்குள்ளிருந்து கேட்டது.

அக்கா செருப்பை விட்டு நகரவில்லை. "குதிகால் வெளிப்பக்கமா தேஞ்சிருக்கு பாருல. அவிய அப்படித்தான் மிதிப்பாவ."

கரண்ட் போனது; ஜன்னலில்லாத அறை இருண்டது. வாசலில் காலடி. டெல்லிப் பழக்கம், அக்காவின் வாயில் இந்தி முந்திக்கொண்டது: "கௌன் ஹை?" யாரது?

"மைன் ஹூன்," என்றது இருட்டு. நான்தான்.

அக்காவும் அத்தானும் வேறு வேறு ஜில்லா. ஒருவர் தமிழை ஒருவர் கேலி பண்ணியே பேசுவார்கள். சண்டை என்று வந்தால் மட்டும் இந்திக்குத் தாவுவார்கள். அந்த ஊரில், அந்த இருட்டில், அந்த இரண்டு சொல். அத்தான்தானோ என்று நான் பெட்டியோரம் ஒதுங்கினேன். அக்கா பயப்படவில்லை. திட்டினாள்.

"இத்னே சால் கஹான் தே?" இத்தனை வருஷம் எங்கே இருந்தீர்கள்? அது கல்யாணமான புதிதில் நான் கேட்ட அவள் குரல்.

பிறகு ஒரு டார்ச் எரிந்தது. நரைத்த மீசை, காக்கிச் சட்டை. மியூசியக் காவலாளி, பட்டாளத்தில் இருந்தவராம். "நீங்க இந்தியில கேட்டீங்களேன்னு நானும் இந்தியிலயே சொன்னேம்மா. பயந்துட்டீங்களா?"

அக்கா பெட்டியைக் காட்டினாள். "இது எங்க வீட்டுக்காரரோடது."

"வர்றவங்க நெறைய பேரு இதத்தாம்மா சொல்றாங்க." டார்ச்சைச் செருப்பின் மேல் பிடித்தார். "எங்க அண்ணனோடதுன்னு நானும்தான் நெனச்சுக்கிட்டிருக்கேன். தெனம் தொடச்சு வைக்கிறேன்."

இப்போதுதான் யாரோ கழற்றிவிட்டு உள்ளே போனதுபோல் அது பளபளத்தது.

ரயிலில் டெல்லி திரும்பினோம். நிஜாமுதீன் ஸ்டேஷனுக்கு வெளியே எதிரே வருகிறவர் முகம் தெரியாத பனி. நான் மயூர் விஹாருக்கு, அவள் ஆர்.கே.புரத்துக்கு. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு சொன்னாள்: "ஞாயித்துக்கெழம அவிய பொறந்தநாள் பூசைக்கு வந்துருல. இந்தத் தடவ ஆன்ம இளைப்பாற்றிக்குத்தான் குடுக்கப் போறேன்."

"சரிக்கா."

"ஜல்தி, மேடம்," என்று அவசரப்படுத்தினான் ஆட்டோக்காரன்.

"ருக்கோ, பையா," என்று அவனை நிறுத்திவைத்துவிட்டு என் பக்கம் குனிந்தாள். "அவிய பேர வாசிக்கையில நான் எந்திரிச்சு வெளிய போனாலும் போவேன். கையப் பிடிச்சு உக்கார வச்சிரு."