மும்தாஜ் சேர்த்த நான்கு பக்கங்கள்

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் பூ வாங்கிக்கொண்டிருந்தபோது மும்தாஜின் தம்பி போன் செய்தார். "அக்கா மௌத்தாயிட்டாங்க. அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்." பூவைப் பூக்காரியிடமே கொடுத்துவிட்டுத் திண்டுக்கல் பஸ்ஸில் ஏறினேன்.

கல்லூரி ஆங்கிலத் துறையில் முப்பது வருஷம் அடுத்தடுத்த நாற்காலி எங்களுக்கு. கரீபியன் தீவுகளிலிருந்து லண்டனுக்குப் பிழைக்கப் போனவர்களின் கதைகள் என்றால் அவளுக்கு உயிர். குளிரும் வாடகை அறையுமாக அந்த ஆட்கள் எங்கள் ஸ்டாஃப் ரூமிலேயே குடியிருந்தார்கள். "நம்ம ஆளுக மெட்ராசுல பட்டபாடு அம்புட்டும் இதுல இருக்குடி" என்பாள்.

அப்படியொரு நாவலைத் தமிழாக்கி, சரிபார்க்க என்னிடம் தந்தாள். பிழை பிடிப்பதில் எனக்கு ஈவிரக்கம் கிடையாது. மூலத்தில் இல்லாத ஒருத்தி நான்கு பக்கம் நடமாடிக்கொண்டிருந்தாள். தீவிலிருந்து தனியாக வந்திறங்கும் பெண்களை ரயிலடிக்கே போய் அழைத்துவந்து, தன் அறையில் சோறு போடுகிறவள்.

"ஏன் மும்தாஜ், இவ எங்கிருந்து வந்தா?"

"நாந்தான் அனுப்புனேன். இம்புட்டு ஆம்பளைக ஒருத்தன ஒருத்தன் போயி கூட்டிட்டு வாராய்ங்க. பொம்பளையக் கூட்டியார ஒரு ஆள் இல்ல. மொத வேலைக்குன்னு எழும்பூர்ல எறங்குனப்ப எனக்கும் யாரும் வரல. பகல் முழுக்கப் பெட்டி மேலயே உக்காந்திருந்தேன்."

மொழிபெயர்ப்பாளருக்கு அந்த உரிமை கிடையாது என்று நீளமாகப் பேசினேன். நான் சொன்னது சரி, இன்றும் சரிதான். அவள் வாதாடவில்லை. "எடுத்துரு. கிழிச்சு மட்டும் போட்றாத" என்றாள். அந்தப் பெண் இல்லாமலேயே புத்தகம் வந்தது.

ஆண்கள் அடக்கம் செய்யக் கபரஸ்தானுக்குப் போனபின், மும்தாஜின் வீட்டில் என் பக்கத்தில் சித்தையன்கோட்டைப் பெண் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். பழைய மாணவி. "ஹாஸ்டல்ல சேர தனியா வந்தேன் மேடம். பஸ் ஸ்டாண்டுல நின்னு கூட்டிட்டுப் போயி சோறு போட்டாங்க. வருஷா வருஷம் போய் நிப்பாங்களாம்ல?" என்றாள். எனக்குத் தெரியாது. முப்பது வருஷத்தில் ஒருநாள்கூட அவள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது.

அடுத்த மாதம் என் மகள் படிக்க லண்டன் போகிறாள். அங்கே எங்களுக்கு யாரையும் தெரியாது.

மும்தாஜ் எழுதிய அந்த நான்கு பக்கங்கள் என்னிடம்தான் இருக்கின்றன, கடைசிவரை இருக்கும். மகளுக்கு ஒரு பிரதி வேண்டியிருந்தது. ஜெராக்ஸ் எடுத்தால் நான் குறுக்கே இழுத்த கோடும் சேர்ந்து விழும். அதனால் நேற்று உட்கார்ந்து கையாலேயே எழுதி அவள் பெட்டியில் வைத்தேன். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.