ஹப்பு நட்டு இறுக்கிய கதை

ஜீப்பின் முன்சக்கர ஹப்பை யார் வேண்டுமானாலும் கழற்றிவிடலாம். திரும்ப மாட்டத்தான் எங்களைப் போன்ற பாவப்பட்ட ஜென்மங்கள் தேவைப்படுகின்றன. திருப்பூர் வீரபாண்டியில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் வீல் ஜீப்புகள்தான் என் பிழைப்பு. நகக்கண்ணில் கிரீஸோடு சோற்றில் கை வைக்கிற சகபாவிகளுக்கு நான் சொல்வது புரியும். மற்றவர்கள் பொறுத்தருள்க.

பனியன் வேஸ்ட்

மற்ற ஊர் மெக்கானிக்குகள் எதில் கை துடைக்கிறார்களோ, எனக்குத் தெரியாது. திருப்பூரில் எல்லாவற்றுக்கும் பனியன் கம்பெனிகளில் வெட்டி மிஞ்சுகிற துணி, கட்டிங் வேஸ்ட்தான். கை, கண்ணாடி, கடையில் மாட்டியிருக்கும் முருகன் படம், எல்லாம் அதில்தான் துடைப்போம். பேரிங்கையும் அதிலேயே துடைத்தால் வந்தது வினை. நூல் பிசிறு உள்ளே புகுந்து கிரீஸோடு திரண்டுவிடும்.

இசக்கிமுத்துவின் ஜீப் முதலில் என்னிடம் வந்தது அப்படித்தான். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ஒரு சாயப்பட்டறைக்கு டிரைவர். தினமும் காலையில் மங்கலத்திலிருந்து வேலையாட்களை ஏற்றி வருவார். மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் அந்த ஸ்டியரிங்கை நம்பித்தான் இருந்தார்கள். முன்சக்கரம் ஊளையிடுகிறது என்றார். ஹப்பைத் திறந்தால் மஞ்சளும் ஊதாவுமாக நூல் உருண்டை. என் கூட்டாளி ரபீக் அதை நோண்டி எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னுங் கொஞ்சம் ஓட்டியிருந்தா ஒரு பனியனே வந்திருக்குமுங்க."

பார்த்துக்கொண்டே இருந்தவர்

புது பேரிங் போட்டு ஹப்பை ஏற்றினேன். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை முழுக்க இறுக்கினேன். பேரிங் நன்றாக உட்கார்ந்ததும் நட்டைக் கொஞ்சம் பின்னால் தளர்த்தினேன். அந்த இடைவெளி இல்லாவிட்டால் ஓடுகிற சூட்டில் பேரிங் வெந்துவிடும். தளர்த்தி, நட்டு நகராமல் பிடிக்கிற லாக் வாஷரை மடக்கி, மேல் நட்டைப் போட்டால் வேலை முடிந்தது.

இசக்கிமுத்து குத்தவைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். தளர்த்தியதும் அவர் முகம் சுண்டிப்போனது. ஏன் என்று கேட்டார், விளக்கினேன். மறுபடியும் கேட்டார், கத்தி விளக்கினேன். எனக்குப் பொறுமை கம்மி. எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, சாவியை வாங்கும்போது மெதுவாக ஆரம்பித்தார்: "பின்னால பொம்பளையாளுவ உக்காந்து வாராவ அண்ணாச்சி, இறுக்கினத ஏன் லூசாக்குதீய?"

மங்கலம் ரோடு

அடுத்த வாரமே மங்கலம் ரோட்டில் அந்த முன்சக்கரம் கழன்று ஓடியது. ஜீப் பள்ளத்தில் கவிழ்ந்தது. பின்னால் இருந்தவர்கள் சிராய்ப்போடு தப்பித்தார்கள். இசக்கிமுத்துவின் வலது கால் நசுங்கிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வண்டியை என் ஒர்க்‌ஷாப்புக்கே இழுத்து வந்தார்கள். ஹப்பு கருகி நீலம் பாய்ந்திருந்தது. நட்டைச் சுற்றி உளி வைத்து அடித்த தடம். நாங்கள் அதற்கான பாக்ஸ் ஸ்பேனர் இல்லாமல் நட்டைத் தொடமாட்டோம். இசக்கிமுத்துதான் ஹப்பு மூடியைக் கழற்றி, நான் மடக்கிய வாஷரை நிமிர்த்தி, அசையாத மட்டும் சுத்தியலால் அடித்து இறுக்கியிருக்கிறார். பேரிங் இறுகிப்போய்ச் சக்கரத்தையே பிடுங்கிவிட்டது.

சாயப்பட்டறை முதலாளி பக்கத்தில் நின்றார். கெட்டவர் இல்லை. இசக்கிமுத்துவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர்தான். ஆனால் அது சரக்கு கப்பலேற வேண்டிய ஷிப்மென்ட் வாரம். உளித்தடத்தைக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பாவமுங்க நம்ம இசக்கி... ஏனுங்க, ஆளுகள ஏத்தோணும், வண்டி எப்பக் கெடைக்குமுங்க?"

கட்டில் ஓரம்

என் கைவேலைதான் சக்கரத்தைக் கழற்றிவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. உளியைத் தூக்கியது யார் என்று இசக்கிமுத்துவின் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும் என்ற கோபத்தோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். போர்வை வலது பக்கம் தட்டையாகக் கிடந்தது. அவர் மனைவி எழுந்து எனக்கு ஸ்டூலைக் கொடுத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் இசக்கிமுத்துவே சொல்லிவிட்டார், தான்தான் இறுக்கியதாக. இறுக்கியதால்தான் இத்தனை நாளாவது ஓடியது, இல்லாவிட்டால் முதல் நாளே எல்லோரும் போயிருப்பார்கள், இல்லையா என்று கேட்டார். அவர் மனைவி என் முகத்தையே பார்த்தார்.

கோபம் போன இடம் தெரியவில்லை. ஆமாம், நான்தான் லூசாக விட்டுவிட்டேன் என்றேன். இசக்கிமுத்து என் கையைப் பிடித்துக்கொண்டு எனக்கு ஆறுதல் சொன்னார்: "வுடுங்க அண்ணாச்சி, தொழில்னா தப்பு வரத்தான செய்யும். அடுத்தவன் வண்டியிலயாவது நல்லா இறுக்கி விடுங்க."

ஆகவே சகபாவிகளே, நட்டைத் தளர்த்துகிற நேரம் பார்த்து வண்டிக்காரரை டீ குடிக்க அனுப்பிவிடுவதுதான் இந்தத் தொழிலில் நான் கற்ற உருப்படியான ஒரே வித்தை.