மழை லீவு

கோடைக்காலத்தில் எங்கள் வீட்டில் யாரும் வாய்தவறிக்கூட மழை என்று சொல்லக் கூடாது. அம்மாவுக்கு விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை. வெயில் அடித்தால்தான் வெடி காயும். வானம் கறுத்தால் மழை லீவு என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அன்றைக்குக் கூலி கிடையாது. பள்ளிக்கூடத்தில் நான் துள்ளிக் குதிக்கிற அதே லீவு வீட்டில் கெட்ட வார்த்தை.

அம்மாவின் தம்பியான என் மாமாவுக்கும் வெயில்தான் சோறு போட்டது. கோடைக்கு மட்டும் வனத்துறையில் தினக்கூலிக்கு எடுக்கும் தீக்காவலர் அவர். மேற்கே மலையில் காடு பற்றிக்கொண்டால் தண்ணீர்க் கேனும் அரிவாளுமாக ஏறி, பச்சைக் குழையை ஒடித்துத் தீயை அடித்தே அணைக்க வேண்டும். வண்டி ஏறாத இடத்துக்கெல்லாம் மாமா ஏறுவார். கூலி என்னவோ அம்மா வாங்குவதைவிடக் குறைவு. வெடி செய்கிற வீட்டில் தீயணைக்கவும் ஓர் ஆளா என்று தெருவில் கேலி செய்வார்கள். மாமாவும் சேர்ந்து சிரிப்பார்.

ஒரு சித்திரையில் மலை பற்றிக்கொண்டது. தெருமுனையில் நின்றாலே புகை தெரிந்தது. ஏறிப்போன மாமா இரண்டு நாளாகியும் இறங்கவில்லை, போனும் போகவில்லை. காற்று திரும்பிவிட்டது, மேலே ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள் என்று பேச்சு வந்தது. அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் கொல்லையில் நின்று மேற்கே பார்த்துக் கும்பிட்டாள்.

"ஒருக்கா பேஞ்சுட்டுப் போயேன். என் வேலை கெட்டாக் கெட்டுட்டுப் போகுது. எந்தம்பி இறங்கி வரட்டும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த வாய் மழையைத் திட்டித்தான் நான் கேட்டிருக்கிறேன்.

மறுநாள் மத்தியானம் கொட்டியது. அதற்கடுத்த நாளும் விடவில்லை. கம்பெனியில் லீவு. மாமா வந்து சேர்ந்தார். செருப்பு உருகி, உள்ளங்காலெல்லாம் கொப்புளம். அம்மா உட்காரவைத்து மருந்து தடவினாள்.

"மழை வந்துருச்சுல்லக்கா, இனி வர வேண்டாம்னுட்டாக" என்றார், தரையைப் பார்த்தபடி.

அம்மா வேண்டித்தான் மழை வந்தது என்று நான் பெருமையாகப் போட்டு உடைத்தேன். மாமா நிமிர்ந்தார்.

"நீயாக்கா மழை கேட்ட?"

அம்மா குனிந்து மருந்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். மாமா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மழை கேட்டதற்குத்தான் அழுகிறார் போலிருக்கிறது என்று நினைத்து, நான் சாமி படத்துக்கு முன்னால் ஓடி, சீக்கிரம் வெயில் அடிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அடித்தது. அம்மாவுக்கு வேலை வந்தது. கொஞ்ச நாளில் மாமாவையும் மறுபடி மலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். என் வேண்டுதல் பலித்துவிட்டது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. புண் ஆறாத காலில் மாமா புதுச் செருப்பை மாட்டியபோது, அம்மா ஏன் வழியனுப்பக்கூட வராமல் உள்ளே போனாள் என்பதும் புரியவில்லை.